சாப்பிட்டுச்சா என்று கேட்ட குரலுக்கு

வாயில்லா உயிர்களுக்கு வாயாக வாய்த்தவரே! மணியொலித்த மறுகணமே மறுமொழி தரும் மாண்பு மிக்கவரே! பதறி ஓடிவருவோரைப் பக்குவமாய் அமரவைத்து, பதற வேண்டிய வேளையிலும் பதறாதிருப்போரைப் பிடித்து உலுக்கிக் கிளப்பிய பேராற்றலே! முப்பத்தோராண்டுக் காலம் முன்மேசையில் வீற்றிருந்து, முறுவலையும் முறைப்பையும் சரிபாதியாய்க் கலந்து வழங்கிய எங்கள் அன்பு அக்காவே! இன்று பணிநிறைவு காணும் உங்களுக்கு, இவ்விலங்கு மருத்துவமனையின் பணியாளர் பதினொருவரும் ஒன்றுகூடி உவந்தளிக்கும் மடல் இது. வணக்கம்.

இன்னும் ஆறு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தேன். நேற்று மருந்தாளுநர் அண்ணன் தாளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "டாக்டர், இத அக்கா முன்னாடி வாசிச்சா பாதியிலேயே எழுந்து போனை எடுக்கப் போயிடுவாங்க" என்றார். உண்மைதான். நாய்க்கு வாந்தி என்று சொல்ல அழைப்பவர், அந்த நாய் வீட்டுக்கு வந்த வரலாற்றிலிருந்து தொடங்குவார். நீங்கள் இரண்டு வாக்கியம் பொறுப்பீர்கள். மூன்றாவது வாக்கியத்தில், "அதெல்லாம் அப்புறம் சொல்லலாம். இப்ப சாப்பிட்டுச்சா?" என்பீர்கள். அந்தக் குரல் காதில் விழுந்ததால் மீதி ஆறையும் அடித்துவிட்டேன்.

இம்மடலை யார் எழுதுவது என்பதற்கு நம் மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. விடைபெறுபவரிடம் யார் அதிகம் திட்டு வாங்கினாரோ, அவர்தான் எழுத வேண்டும். சென்ற முறை யார் என்று முடிவு செய்ய அரைநாள் வாக்குவாதம் நடந்தது. இந்த முறை பேச்சே எழவில்லை. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைமை மருத்துவன் என்ற மரியாதைக்காவது ஒருவர் கொஞ்சம் தயங்கியிருக்கலாம்.

இவ்விழா பன்னிரண்டு நாள்களுக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது. ஏன் தள்ளிப்போனது என்பது இங்கே அமர்ந்திருக்கும் அனைவருக்கும் தெரியும். இம்மடலைப் பின்னாளில் சட்டமிட்டுச் சுவரில் காண்போருக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அன்று உங்கள் வீட்டு நாய் சுண்டு, உள்ளறைக் கூண்டில், முன்னங்காலில் மருந்துக் குழாயோடு படுத்திருந்தாள். "அவ பொழைப்பாளா மாட்டாளான்னு தெரியாம நான் நாற்காலியில உக்காந்து பாராட்டு வாங்க மாட்டேன்" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இன்று நாற்காலியில் அமர்ந்திருக்கிறீர்கள். அப்பாடா. இந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி இம்மடலை முடித்திருந்தாலும் பதினொரு பேரும் கையெழுத்திட்டிருப்போம்.

ஆயினும் முறைப்படி உங்கள் அருஞ்சேவையைச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி பதித்த அந்த மேசை. அதன்மேல் சுருள்கம்பி முறுக்கிய தொலைபேசி. அருகே மூன்று பென்சில்கள். உடனே வர வேண்டியவருக்குச் சிவப்பு, இன்றைக்குள் வர வேண்டியவருக்கு நீலம், வீட்டிலேயே வைத்துக் கவனிக்க வேண்டியவருக்குச் சாதாரணக் கருப்பு. பதிவேட்டில் நீங்கள் எழுதிய நிறத்தைப் பார்த்தே நாங்கள் எத்தனை வேகமாய்க் கை கழுவ வேண்டும் என்று அறிந்துகொண்டோம். இடப்பக்கப் பலகை நாய்களுக்கு, வலப்பக்கப் பலகை பூனைகளுக்கு, சன்னலோரத் தட்டு பறவைகளுக்கு என்று நீங்கள் வகுத்த எல்லையை, நாய்களை விடவும் அவற்றின் உரிமையாளர்கள் அஞ்சி மதித்தார்கள். பட்டம் படிக்காமலேயே 'போன் டாக்டர்' என்று ஊரார் உங்களுக்குப் பட்டம் கொடுத்தார்கள். "பெரிய டாக்டர் வேணாம், போன் டாக்டர்கிட்ட குடுங்க" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்திருக்கிறேன்.

மூக்கு சுடுகிறது, காய்ச்சல்தான் என்று அலறியவர்களிடம், "மூக்க விடுங்க. ஓடியாடுதா? சாப்பிட்டுச்சா? அப்ப நீங்க போய் சாப்பிடுங்க" என்றீர்கள். ஒரே ஒருமுறை கக்கிவிட்டு வாலாட்டிக்கொண்டு நின்ற நாய்க்குக் கருப்புப் பென்சில். வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல், வயிறு மட்டும் பந்தாய் உப்பிய நாய்க்குச் சிவப்பு. அதுவும் அழுத்திய அழுத்தில் முனை ஒடிந்த சிவப்பு. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சிவப்பு. காலையிலிருந்து எதையும் கொறிக்காத முயலுக்குச் சிவப்பு. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்த கிளிக்கும் சிவப்புதான். "குளிருக்கு உக்காந்திருக்கும்மா" என்றார் உரிமையாளர். "பறவ உக்கார்ற எடம் கம்பி. தரைக்கு எறங்கிடுச்சுன்னா தாங்க முடியாமதான் எறங்கியிருக்கு. கெளம்புங்க" என்றீர்கள் நீங்கள்.

நாயின் வயிற்றில் வரிசையாய் உண்ணி ஒட்டியிருக்கிறது, பிடுங்கினால் வர மறுக்கிறது என்று மாதம் ஒருவராவது அழைப்பார். "ரெண்டு பக்கமும் சமமா, எதிரெதிரா இருக்கா?" என்பீர்கள். ஆமாம் என்பார். "ஐயா, அது உண்ணி இல்ல, முலைக்காம்பு. ஆண் நாய்க்கும் உண்டு. தயவுசெஞ்சு பிடுங்காதீங்க." இந்த ஓர் அறிவுரையால் இவ்வூரில் எத்தனை நாய்கள் நிம்மதியாய் உறங்குகின்றன என்பதற்குக் கணக்கே இல்லை.

இப்போது நான் வாங்கிய திட்டுக்கு வருகிறேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் இங்கே பொறுப்பேற்றேன். புதுக் கோட்டு, புது முத்திரை, புது மிடுக்கு. முதல் வாரமே நீங்கள் தொலைபேசியில் இப்படிப் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சினந்தேன். மருத்துவம் படிக்காத ஒருவர் 'வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்' என்று சொல்லி, அந்த விலங்கு இறந்துபோனால் யார் பதில் சொல்வது? கேள்வி நியாயமானதுதான்; இன்றைக்கும் அப்படியே நினைக்கிறேன். கேட்ட விதம்தான் நியாயமில்லை. ஒரு கெட்டி அட்டையில், 'தொலைபேசியில் நேரம் மட்டும் கொடுக்கவும். ஆலோசனை கூறுதல் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரையும் குத்தி, உங்கள் மேசைக் கண்ணாடியின் அடியில் நானே செருகினேன். நீங்கள் "சரிங்க டாக்டர்" என்றீர்கள். அவ்வளவுதான்.

மூன்று வாரம் நேரம் மட்டும் கொடுத்தீர்கள். எப்போது வேண்டும் என்று கேட்பீர்கள். அவர்கள் சொன்ன வேளையைச் சாதாரணப் பென்சிலால் எழுதுவீர்கள். சிவப்பும் நீலமும் மேசை இழுப்பறைக்குள் போயின. கூடம் முழுக்க முலைக்காம்பு உண்ணிகளும் சுட்ட மூக்குகளும் நிறைந்தன. உண்மையில் உடனே வர வேண்டிய ஒரு முயல், அவர்கள் வீட்டில் விருந்தாளி வந்திருந்தபடியால் ஒரு நாள் தாமதமாய் வந்தது. எப்படியோ பிழைத்தது. அன்றும் மறுநாளும் நான் உங்கள் மேசைப் பக்கம் வராமல் பின்வாசல் வழியாகவே போய்வந்தேன். ஆனாலும் அட்டையை எடுக்கவில்லை, மிடுக்கு அப்படி.

நாலாவது வாரம், ஒரு காலை. என் வீட்டில் துரை என்றொரு பூனை இருந்தான். பெயருக்கேற்ற பிறவி, சாப்பாட்டுத் தட்டைத் தேடிப் போக மாட்டான், தட்டு அவனைத் தேடி வர வேண்டும். நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "தொரை விடிஞ்சதுலேர்ந்து மண்ணுத் தட்டுலயே உக்காந்து முக்கிக்கிட்டிருக்கான், வந்து பாருங்களேன்" என்றாள். "மலச்சிக்கலா இருக்கும். பாரஃபின் எண்ணெ ரெண்டு மில்லி குடு" என்று கூடத்திலிருந்தே சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டேன். ஊரார் பூனைகளை மேசைமேல் ஏற்றி, வெளிச்சம் போட்டு, வயிற்றை அமுக்கிப் பார்க்கும் எங்கள் இனம், சொந்தப் பூனையை இரண்டு அறை தள்ளி நின்றே பார்த்து முடித்துவிடும். இத்தொழிலில் இருப்பவர்களுக்கே வாய்த்த தவறு இது.

பதினொரு மணிக்கு அவள் உங்களை அழைத்தாள். சாயங்காலம் நான் ஓய்வாக இருக்கும்போது துரைக்கு ஒரு நேரம் வேண்டும் என்றாள். மேசைக் கண்ணாடியின் அடியிலிருந்து என் முத்திரை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்டீர்கள்.

"முக்கறான், சரி. ஏதாவது வருதா?"

"என்ன வருதா?"

"எதுவா இருந்தாலும். போய் மண்ணக் கையால தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அவள் போய்ப் பார்த்தாள். மண் மாவாய்க் காய்ந்திருந்தது. பத்துத் தடவை தட்டில் ஏறியிருக்கிறான், ஒரு சொட்டு ஈரமில்லை. ஆண் பூனை. காலையில் ஒருமுறை கக்கியிருக்கிறான். வயிற்றைத் தொட்டால் கத்துகிறான். அது மலம் அடைத்த கதையல்ல, சிறுநீர் அடைத்த கதை என்பதும், இன்னும் சில மணி நேரம் போனால் தேங்கிய நஞ்சு இதயத்தை நிறுத்திவிடும் என்பதும் எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரியும். உங்களுக்குப் பதினேழு ஆண்டு கேட்ட குரல்களில் தெரிந்திருந்தது.

நான் ஒரு நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தீர்கள். வேலையாக இருக்கிறேன், தெரியவில்லையா என்று எரிந்து விழுந்தேன்.

"நேரம் மட்டும் குடுக்கச் சொன்னீங்க டாக்டர். குடுத்துட்டேன்."

"யாருக்கு? எப்ப?"

"உங்க வீட்டுத் தொரைக்கு. இப்ப."

துரை வந்து சேர்ந்தபோது அவன் மூத்திரப்பை என் உள்ளங்கையில் உருண்டைக் கல்லாய்த் தட்டுப்பட்டது. மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி, அடைப்பை நீக்கி, அவன் கண் தெளிந்து என்னைப் பழையபடி வேலைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தபோது மணி நாலு. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தான். கடைசிவரை உங்கள் மடியில் மட்டும் கூப்பிடாமலே ஏறினான்.

அன்று மாலை அட்டையை எடுக்க வந்தேன். மன்னிப்புக் கேட்கச் சில வாக்கியங்களையும் மனத்தில் அடுக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் கேட்கவே விடவில்லை. "இருக்கட்டும் டாக்டர், நல்ல கெட்டி அட்ட, வீணாக்க வேணாம்" என்று கண்ணாடியைத் தூக்கி, அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் ஆறு வரி எழுதினீர்கள். கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு? தண்ணி வழக்கத்துக்கு மேலயா, கீழயா? ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போனதக் கண்ணால பாத்தீங்களா? மூச்சு எப்படி? ஈறு என்ன நிறம்? தினம் பண்றதுல எத இன்னைக்குப் பண்ணல? இந்த ஆறுக்கும் பதில் வாங்கிய பிறகே நிறம் முடிவு செய்வது என்றும், சந்தேகம் வந்தால் சிவப்பு என்றும், நீங்கள் சொல்ல நான் தலையாட்டினேன். என் ஆணை அடியில் போயிற்று; உங்கள் கேள்விகள் மேலே வந்தன. இழுப்பறையிலிருந்து இரண்டு பென்சில்களும் வெளியே வந்தன.

ஏழாவதாக ஒன்றும் உண்டு. அதை நீங்கள் எழுதவில்லை, வாயால்தான் சொல்வீர்கள். சாப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை, நொண்டுகிறது என்று வரிசையாய்ச் சொல்லிவிட்டு, "வயசாயிடுச்சு, அதான்" என்று முடிப்பவர்களிடம், "வயசு நோயில்லங்க. நோய் வேற என்னமோ இருக்கு, கூட்டிட்டு வாங்க" என்பீர்கள். இந்த ஒரு வாக்கியத்தால் மேசையேறிய கிழ நாய்கள் ஏராளம். பல்வலியால் பட்டினி கிடந்த கிழவன் ஒருவன் பல் பிடுங்கிய மறுநாள் எலும்பு கடித்ததை நீங்கள் ஆறு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

இனிச் சுண்டுவின் கதை.

ஒன்றரை ஆண்டுக்கு முன் பேருந்து நிறுத்தத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த, ஏழெட்டு வயதைத் தாண்டியவளை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் தூக்கிவந்தீர்கள். சின்னஞ்சிறு உருவமாய் இருந்ததால் சுண்டு. இன்று பதினெட்டுக் கிலோ. பெயரை மாற்றச் சொன்னால் கேட்க மாட்டீர்கள். வந்த அன்று நான்தான் பரிசோதித்தேன். அடிவயிற்றில் நடுக்கோட்டில் பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. முன்பு யாரோ வளர்த்து, கருப்பையை எடுத்துவிட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, அவள் மருத்துவ அட்டையில் 'கருப்பை நீக்கப்பட்டது' என்று எழுதினேன். அந்த அட்டையை எழுதிய கைதான் இம்மடலையும் எழுதுகிறது.

பணிநிறைவுக்கு முன் மிச்சமிருந்த விடுப்பில் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். தொலைபேசியை நாங்கள் முறைவைத்து எடுத்தோம். அன்று காலை பத்து மணி, என் முறை. மணியடித்தது. உங்கள் குரல்.

"டாக்டர், வேலையா இருக்கீங்களா? ஒண்ணும் அவசரம் இல்ல. சும்மாதான்."

பிறகு வெயிலைப் பற்றிச் சொன்னீர்கள். வாசல்கதவுக்கு வண்ணம் பூச ஆள் வருவதைச் சொன்னீர்கள். சுண்டு வந்த புதிதில் எப்படி இருந்தாள் என்று தொடங்கினீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தோராண்டில் ஒருவரையும் மூன்றாவது வாக்கியம் பேசவிடாத எங்கள் அக்கா, முன்னுரை சொல்லிக்கொண்டிருக்கிறார். என் கை தானாகவே சிவப்புப் பென்சிலை எடுத்தது.

"அக்கா, அதெல்லாம் அப்புறம். சுண்டு சாப்பிட்டாளா?"

"முந்தாநாள் சாயந்திரம் கொஞ்சம்" என்றீர்கள்.

கண்ணாடிக்கு அடியில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துப் படித்தேன். தண்ணீர்? கிண்ணம் கிண்ணமாய்க் குடிக்கிறாள். சிறுநீர்? வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறாள், நேற்று இரண்டு தடவை. ஒருமுறை வாந்தியும் எடுத்தாள். "வயசாயிடுச்சு டாக்டர், அதான்" என்றீர்கள்.

"அக்கா, வயசு நோயில்ல."

மறுமுனையில் நீங்கள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஈறு என்ன நிறம் என்று கேட்டேன். தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் போனீர்கள். செருப்பு ஓசை போய், நின்று, திரும்பி வந்தது. "வெளுத்திருக்கு" என்றீர்கள். ஆறாவதையும் கேட்டேன்.

"நான் செருப்பு மாட்டினா எனக்கு முன்னாடி வாசல்ல நிப்பா. இப்ப தலையத் தூக்கிப் பாத்தா. பாத்துட்டுப் படுத்துக்கிட்டா."

"இப்பவே கெளம்புங்க."

"கெளம்பிட்டேன் டாக்டர்" என்றீர்கள். உங்கள் குரல் அத்தனை சின்னதாகி நான் அதுவரை கேட்டதில்லை.

வந்து சேர்ந்தீர்கள். அதிகத் தாகம், பசியின்மை, வெளுத்த ஈறு. அட்டையில் கருப்பை இல்லை என்று என் எழுத்தே சொல்கிறது. ஆகவே சிறுநீரகம் என்று முடிவு செய்து, இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். இருபது நிமிடம் வீணாயிற்று. செவிலித் தங்கைதான், "டாக்டர், வயிறு உப்பலா இருக்கே, ஸ்கேன் போட்டுப் பாத்துடலாமே" என்றாள். வயதான நாய்க்கு வயிறு தொங்கத்தான் செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன்.

திரையில், இல்லவே இல்லை என்று நான் எழுதிய கருப்பை, சீழ் நிறைந்து, என் மணிக்கட்டுப் பருமனில் இரண்டு சுருளாய்க் கிடந்தது. அந்தத் தழும்பு ஏதோ முள்வேலி கிழித்தது. எந்த மருத்துவரும் போட்டதல்ல. வெடித்திருந்தால் அன்று மாலையைத் தாண்டியிருக்க மாட்டாள். வெளியே வந்து உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். என் தவறு என்றும் சொன்னேன். நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்ட வேண்டும் என்றுகூட நின்றேன்.

"நீங்க எழுதினீங்க. நான் ஒன்ர வருஷம் அந்த அட்டையப் பாத்துட்டு, ஒரு வார்த்த கேக்கல. சரிக்குச் சரி. இப்ப உள்ள போங்க டாக்டர்" என்றீர்கள்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அடுத்த அறையில் இருந்த கம்பீரமான பெரிய நாயிடம் அதன் உரிமையாளரின் சம்மதத்தோடு வாங்கிக்கொண்டோம். நடுவில் இருமுறை அவள் நாடி என் விரலுக்குத் தட்டுப்படாமல் போயிற்று. அந்த வேளையில் நீங்கள் கூடத்தில் என்ன செய்தீர்கள் என்பதை, மருந்து எடுக்க வெளியே ஓடிவந்த மருந்தாளுநர் அண்ணன் பிறகு சொன்னார். நாங்கள் எல்லோரும் உள்ளே இருந்தோம். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. விடுப்பில் இருந்த நீங்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய் எடுத்தீர்கள். "சாப்பிட்டுச்சா?" என்று யாரையோ கேட்டீர்கள். பதிலைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, அது உண்ணி இல்ல. பிடுங்காதீங்க" என்றீர்கள். அண்ணன் இதைச் சொல்லும்போது சிரிக்கத் தொடங்கி, பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அறுவை முடிந்தது என்று சொன்னேன். பிழைப்பாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள்தான் இந்த விழாவுக்குக் குறித்த நாள். வாங்கிவைத்த பூக்களைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி ஓரமாய் வைத்தோம். அன்றும் அவள் எதையும் தொடவில்லை. மருத்துவமனை முழுவதும் ஒருவரையொருவர் கடக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "சாப்பிட்டுச்சா?" இல்லை என்று தலையசைப்போம். கூண்டறை அண்ணன் கோழி வேகவைத்தார், மீன் வேகவைத்தார், முட்டை அவித்தார். ஒவ்வொன்றையும் அவள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் கூண்டுக்கு முன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்த சோற்றுப் பெட்டியை நீங்களும் திறக்கவில்லை. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அறுவைக்குப் பின் நாலாம் நாள் காலை, ஒன்பதரை. நான் ஒரு பூனைக்குக் காது சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கூண்டறை அண்ணன் காலிக் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாழ்வாரம் நெடுக ஓடிவந்தார். "சாப்பிட்டுச்சு! சாப்பிட்டுச்சு!" பூனை என் கையைக் கீறிவிட்டு அலமாரிமேல் ஏறியது, நான் கவலைப்படவில்லை. நீங்கள் கூடத்துக்கு வந்து, எதிர்ப்பட்ட பலகையில் தொப்பென்று உட்கார்ந்து அழுதீர்கள். அது பூனைகளின் பலகை. நாய் வீட்டார் அதில் உட்காரக் கூடாது என்பது நீங்களே வகுத்த சட்டம். யாரும் உங்களை எழுப்பவில்லை. அரைமணி கழித்துச் சோற்றுப் பெட்டியைத் திறந்து நீங்களும் சாப்பிட்டீர்கள். அதையும் கூண்டறை அண்ணன் தாழ்வாரம் நெடுக அறிவித்தார்.

இதோ, இப்போது உங்கள் நாற்காலிக்கு அடியில், மழித்த வயிற்றோடு, எங்கள் பரிசுப் பெட்டியின் நாடாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கடிக்கட்டும். உள்ளே இருப்பது உடையாத பொருள்தான்.

அன்பு அக்கா! அடைமொழிகளை அடித்துவிட்டேன், வாழ்த்தை அடிக்க மாட்டேன். வேளை தவறாது பசித்து உண்டு, அளவு மிகாது தாகம் தீர்ந்து, மூச்சு சீராய், ஈறு சிவப்பாய், அன்றாடம் செய்பவை அனைத்தையும் அன்றாடம் செய்தபடி, அன்புத் துணைவரோடும் அடங்காத சுண்டுவோடும் ஆண்டாண்டு காலம் அமைதியாய் வாழ்க! காலையில் மணியடித்தால் கை தானாக நீளும். நீளட்டும், எடுத்துப் பேசுங்கள், அது உங்கள் உறவினராகத்தான் இருக்கும். அவரிடம் சாப்பிட்டுச்சா என்று கேட்காமல், சாப்பிட்டீங்களா என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஏதேனும் என்றால் வயதின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் படுத்திருக்க வேண்டாம். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் கிளம்புங்கள் என்று சொல்ல உரிமை உண்டு.

கடைசியாக ஒன்று. மேசையைக் காலி செய்தபோது, அந்தப் பழைய அட்டையை நினைவாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். இம்மருத்துவமனையில் நீங்கள் கேட்டு நாங்கள் மறுத்தது ஏதுமில்லை. இதை மறுக்கிறோம். கண்ணாடியின் அடியில், உங்கள் கையெழுத்து மேலாக, என் முத்திரை கீழாக, அது அங்கேயே இருக்கும். இனி அம்மேசையில் அமரப்போகிறவர்கள் படிக்க வேண்டும். நீங்கள் எழுதாமல் வாயால் மட்டும் சொன்ன ஏழாவதை நேற்று அதில் சேர்த்துவிட்டோம். அதற்கும் கீழே, பதினொருவரும் சேர்ந்து முடிவு செய்து, எட்டாவதாக ஒரு வரியைச் சிவப்புப் பென்சிலால் எழுதியிருக்கிறோம்:

'யார் பேசினாலும் இத்தனையும் கேட்கவும். அக்காவே பேசினாலும்.'

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கி நலமாயிருக்கும்
மருத்துவமனைப் பணியாளர் பதினொருவர்